வாசிக்காத கட்டுரையின் பக்க எண்

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் உதவி விரிவுரையாளனாக இருந்தேன். தோட்டக் கிணறுகளின் உவர்ப்பைப் பற்றி நான் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. நான் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியலில் ஒரேயொன்றுக்கு மட்டும் பக்க எண் இல்லை, அதைச் சேர்த்து அனுப்பினால் அச்சிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

உண்மையில் அந்தக் கட்டுரையை நான் கண்ணாலும் கண்டதில்லை. வேறொருவரின் பட்டியலிலிருந்து அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். நூலகத்திலும் அது கிடைக்கவில்லை. அதை எழுதியவர் பண்டத்தரிப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் என்று அறிந்து சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன்.

வந்த விஷயத்தைச் சொன்னதும் ரீச்சரின் முகம் மலர்ந்தது.

"பக்க எண் தாறன். அதிலை நான் என்ன சொன்னதா எழுதியிருக்கிறியள்?"

"மழை பெய்தால் கிணத்துத் தண்ணியிலை உவர் குறையும் எண்டு, ரீச்சர்."

"முதல் மழையோடை கூடும் எண்டெல்லோ நான் எழுதினனான்!"

"நான் அதை வாசிக்கேல்லை, ரீச்சர்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தபடி உள்ளே இருந்த கணவரைக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, என்ரை கட்டுரையை வாசிக்காமலே பட்டியலிலை போட்ட ஒராள் வந்திருக்கிறார். தேத்தண்ணி வையுங்கோ, இருந்து வாசிச்சிட்டுப் போகட்டும்!"

தன்னிடமிருந்த ஒரே பிரதியை என் கையில் தந்தார். அங்கேயே இருந்து முழுவதையும் வாசித்தேன். வீட்டுக்கு வந்து என் கட்டுரையில் ஒரு பந்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கட்டுரையும் அச்சில் வந்தது.

அதன்பிறகு என் பட்டியல்கள் குட்டையாகிவிட்டன. ஆனால் அவற்றில் உள்ள எவர் எதிரே வந்தாலும், ஒளிக்காமல் நின்று பேச என்னால் முடியும்.