மெட்டில்டா படுத்திருந்த குழி

கொச்சிக் கோட்டையில் செத்தவர்களுக்குள்ளும் பெரிய மனிதர், சின்ன மனிதர் உண்டு. கடலோரம் படுத்திருக்கும் டச்சுக்காரர்களை யாரும் எழுப்புவதில்லை. மிளகு வாங்க வந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்கள். இருநூறு, முந்நூறு வருஷமாகச் சுண்ணாம்பு பூசிய மேடைக்கடியில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்களுக்குப் பூட்டு உண்டு, காவல் உண்டு, புல் வெட்ட ஆள் உண்டு. அந்த ஆள்தான் கொச்சுத்ரேசியா.

அவள் மகள் மெட்டில்டா பத்தொன்பது வயதில் எலிக்காய்ச்சலில் இறந்தவள். பங்குக் கோயிலின் பொதுக் குழியில் கிடந்தாள். அங்கே இடம் குறைச்சல். குடும்பக் கல்லறை கட்ட வக்கில்லாதவர்களின் குழியைச் சில வருஷத்தில் தோண்டி, எலும்பை மூலையிலிருக்கும் எலும்புக் கிணற்றில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் படுக்க வைப்பார்கள். கொச்சுத்ரேசியாவின் மாமனார், மாமியார், புருஷன் எல்லோரும் அந்தக் கிணற்றில்தான் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. மகளின் முறை வந்தபோதுதான் பங்குத் தந்தையின் முன்னால் போய் நின்றாள்.

"நான் சாகுற வரைக்கும் அவ அங்கயே கிடக்கட்டும் ஃபாதர். அப்புறம் ரெண்டு பேரையும் சேத்து அள்ளிப் போடுங்க."

"நீ எப்ப சாவேன்னு எனக்கு எப்படித் தெரியும் த்ரேசியா?" என்று சிரித்தார் அவர். "எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

"அப்ப நான் வந்தப்புறம் தோண்டுங்க. என் கையால கழுவி நாந்தான் போடணும்."

"சரி, வெள்ளிக்கிழமை காலைல வா."

வெள்ளிக்கிழமை பார்த்து டச்சுக் கல்லறைக்கு ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். எட்டுத் தலைமுறைக்கு முந்தைய பாட்டனைத் தேடி வந்தவர்கள். கல்லில் பாசி படிந்து பெயர் தெரியவில்லை. மேற்பார்வையாளர் வினயன் அவளிடம் தேங்காய் நாரைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தாள். பெயர் தெரிந்ததும் அந்த வெள்ளைக்காரி தேம்பித் தேம்பி அழுதாள். கொச்சுத்ரேசியா வினயன் பக்கம் திரும்பினாள்.

"நான் கிளம்பணும் சார். இன்னைக்கு எம்பொண்ணத் தோண்டுறாங்க."

"அட, நில்லு சேச்சி. இவங்க ஏழு கடல் தாண்டி வந்திருக்காங்க. உம்பொண்ணு எங்க ஓடிப்போகப் போறா?"

அவள் நாரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

கோயில் கல்லறையில் குழி வெட்டும் பைலி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். குழி காலியாக இருந்தது.

"எங்கடா எம்புள்ள?"

பைலி கிணற்றுப் பக்கம் மோவாயைக் காட்டினான். "விடியக்காலைல ஒரு சாவு விழுந்துருச்சு சேச்சி. ஃபாதர் அவசரப்படுத்துனாரு. நான் என்ன பண்ணட்டும்? தலமுடிகூட அப்படியே இருந்துச்சு, கிளிப்போட."

"கிளிப்பு எங்க?"

"அது மண்ணோட போயிருக்கும்."

அவள் மண்மேட்டில் விழுந்து இரண்டு கையாலும் பறித்தாள். ஓட்டுத் துண்டும் வேரும் வந்தன, கிளிப் வரவில்லை. அதற்குள் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"தள்ளுங்கம்மா, பெட்டி வருது" என்று யாரோ தோளைப் பிடித்து விலக்கினார்கள்.

பெட்டி இறங்கியது. வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். ஓரமாக நின்று அழுதவளைச் சொந்தக்காரி என்று நினைத்து ஒருத்தி அவள் கையிலும் ஒரு பிடி மண்ணை வைத்து, "நீங்களும் போடுங்கக்கா" என்றாள்.

கொச்சுத்ரேசியா அந்த மண்ணை விரலால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.