கிளிநொச்சிக்குத் தயாரான கார்

மகளை ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டி வருவதென்று செல்லசாமி முடிவு செய்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் காரை ஜாக்கியில் ஏற்றி, அடியில் போய்ப் படுத்துவிட்டார். இடையில் யாரையும் கலந்து பேசவில்லை. கலந்து பேச வீட்டில் யாரும் இல்லை என்பதும் உண்மைதான்.

மனைவி நாகலெட்சுமி இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சுலக்ஷனா, அவர்கள் ஊரான அக்கரப்பத்தனைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த துஷாந்தைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குச் சொந்த ஊருக்கு மாற்றம் கிடைத்ததும் அவனோடு கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அந்த முறையை வைத்தாவது மூன்று நாலு மாதம் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும், அப்பா என்று கூப்பிட ஓர் ஆள் இருக்கும். செல்லசாமி அதற்குத்தான் ஆசைப்பட்டார். ரேடியோவோடும் சோற்றுச் சட்டியோடும் பேசிப் பேசி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

சந்தியில் கார் நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓடுகிறவர் அவர். ஏறுகிறவர் கதவை ஓங்கிச் சாத்தினால் இறங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவர் மகளுக்காகக் காரைத் தயார்படுத்தினால் எப்படி இருக்கும்! நாலு வீலையும் கழற்றிப் பிரேக் பார்த்தார். ஒயில் மாற்றினார். குலுக்கலைத் தாங்கும் பின் ஷொக் இரண்டும் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், இருந்தாலும் மாற்றினார். பிறகு ஒரு செம்பு நிறையத் தண்ணீரைப் பின் சீட்டில் வைத்து, தேயிலை பெக்டரி வளைவு வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினார். அரைச் செம்பு சிந்தியிருந்தது. டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி போனார். இந்தத் தடவை இரண்டு மடக்கு அளவுதான் சிந்தியது. மனம் ஆறவில்லை. மூன்றாம் தடவையும் போய்வந்தார்.

புதன்கிழமை ஏசிக்கு காஸ் அடிக்க ஹட்டனுக்குப் போனார். கராஜ்கார விஜிதரன் சிரியோ சிரி என்று சிரித்தான்.

"மாமா, நம்ம ஊருக் குளிருக்கு ஏசியா? கண்ணாடிய எறக்குனா பத்தாதா?"

"நீ சிரிப்படா. தம்புள்ளை தாண்டுனா வெயிலு மண்டையப் பொளக்கும். வாயும் வயிறுமா இருக்கிற புள்ள, தாங்குமா?"

திரும்பி வரும் வழியெல்லாம் தூறல். அதிலும் ஏசியைப் போட்டுப் பார்க்காமல் விடுவாரா? பற்கள் தந்தியடிக்கத் தலைப்பாகையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் சந்தியில் வந்து இறங்கியதை மற்ற ஹயர்காரர்கள் இரண்டு நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின் சீட்டில் மெத்தை விரித்து, புது உறை போட்ட தலையணை வைத்தார். இறம்பொடை வளைவுகளில் வாந்தி வந்தால் என்று பொலித்தீன் பைகள், எலுமிச்சம்பழம், இஞ்சி டொபி, சுடுதண்ணீர்ப் போத்தல். எங்கெங்கே நிறுத்துவது, எங்கே சுத்தமான கழிவறை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை வருவதை மகளுக்கும் போனில் சொல்லியாயிற்று. இனி ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலையில் சம்பந்தியம்மா சிவனேஸ்வரி கிளிநொச்சியிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணை, நாளைக்கு எத்தினை பேர் வாறியள்? சமைக்க வேணுமெல்லோ."

"நான் ஒருத்தன்தாங்க. காரு பூரா புள்ளைக்குத்தான். மெத்தையெல்லாம் போட்டிருக்கேன்."

சிவனேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"பொம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

செல்லசாமிக்கு உச்சந்தலையில் யாரோ தட்டியது போலிருந்தது. முப்பது வருஷத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பிரசவத்துக்கு இந்தக் காரில் கூட்டி வந்திருக்கிறார்! கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு பெண்கள் இறங்கி உள்ளே போவார்கள். அவர் வெளியே நின்று கண்ணாடி துடைப்பார். சாப்பாடும் வெளியிலேயே வந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது, யார் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளையைக் கூட்டி வருவதென்றால் காரைத் தயார் பண்ணுவது என்றே இருந்துவிட்டார்.

"குறையாச் சொல்லேல்ல அண்ணை," என்றாள் சிவனேஸ்வரி. நல்ல மனுஷிதான். "ஆனா அங்க பிள்ளையை ஆர் பார்க்கிறது? குளிக்க வார்க்க, பத்தியம் வைக்க, பிரசவ நோ எடுத்தா பக்கத்தில இருக்க ஒரு பொம்பிளை வேணுமே?"

"நான் யோசிச்சுச் சொல்றேங்க," என்று போனை வைத்தார்.

தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அடுத்த காம்பிரா மீனம்மா வீடு. நாகலெட்சுமியோடு ஒன்றாகக் கொழுந்து பறித்தவள். போய்க் கேட்டார்.

"கூட வர்றதுன்னா நாளைக்கே வர்றேண்ணே," என்றாள் மீனம்மா. "நீங்க கேக்கிறது கூட வர்றதுக்கா, வெச்சுப் பாக்கிறதுக்கா? விடிஞ்சா நான் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போவணும். மலையிலருந்து எறங்க சாயந்தரமாயிரும். நடுவுல வலி வந்தா அந்தப் புள்ள யாரைக் கூப்பிடும்?"

"நான் இருப்பேன். ஹயரையெல்லாம் நிப்பாட்டிட்டு வீட்டோட இருப்பேன்."

மீனம்மா அவரைப் பார்த்தாள். அவளுக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க ஆம்பள ஆளுண்ணே. இருந்து என்ன செய்வீங்க?"

செல்லசாமி திரும்பி வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். நாகலெட்சுமி செத்த அன்றுகூட இவ்வளவு தனியாகத் தோன்றவில்லை. அன்றைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள்.

மாலையில் மகளே கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் முதலில் கேட்டது.

"அப்பா, அத்தை சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க வாங்க. நான் வர்றேன்."

"அழுவாதம்மா. ஒனக்கு இங்க வரப் பயமா இருக்கா?"

"கொஞ்சம் பயமாத்தாம்ப்பா இருக்கு. அம்மா இருந்தா வேற. ஆனா நான் வரலைன்னா நீங்க தனியா... பரவாயில்லப்பா, நான் வர்றேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை இந்நேரம் பின் சீட்டில் மகள் இருப்பாள். செல்லசாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா, நானே ஒனக்குப் போன் எடுக்க இருந்தேன். காரு சரியில்ல. கியர் பொட்டியில ஒரு சத்தம் வருது. ஒன்னைய ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம் நம்பி வர முடியாது."

"நெசமாவாப்பா?"

"நெசமாத்தான். விஜிதரனும் வேணாம்னுட்டான்."

"நல்லவேளைப்பா," என்றாள் சுலக்ஷனா. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. அந்த நிம்மதிதான் செல்லசாமியைச் சுட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப காரு சரியானதும் என்னையப் பாக்க வாங்கப்பா. திருத்த எத்தனை நாள் ஆகும்?"

அவர் மனசுக்குள் எட்டு, ஒன்பது, பத்து என்று மாதங்களை எண்ணினார்.

"சாமான் கொழும்புலருந்து வரணும்மா," என்றார். "ஒரு மூணு மாசம் ஆகும்."