யோகலிங்கத்தின் தொண்ணூற்றைந்து

நிலாவெளி வீதியில் நஜ்முன் நிஸாவின் கராஜைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. வேலியோரம் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் வயிறு திறந்து கிடக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யாரையாவது ஏசிக்கொண்டிருக்கும். ஏச்சு எஞ்சினுக்கா, அதைக் கொண்டுவந்தவருக்கா என்பதை உள்ளே போய்த்தான் அறிய வேண்டும். பெரும்பாலும் கொண்டுவந்தவருக்குத்தான். எஞ்சின் வாயில்லாச் சீவன், அதற்கு ஏன் ஏச்சு என்பது அவளுடைய கட்சி.

அவளுடைய வாப்பா ஆதம்பாவா நடத்திய கராஜ் அது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மூத்தவள் நட்டுக் கழற்றும் சாவி எடுத்துக் கொடுக்கப் போனாள், பிறகு அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பெண் பார்க்க வந்த றம்ஸான், வந்த வழியில் தன் ஓட்டோ இழுக்கவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். பெண் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்ப் பிளக்கைக் கழற்றினாள். அன்றைக்கே சம்பந்தம் முடிந்தது. ஊர் முதலில் சிரித்தது. பிறகு மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. கைராசிக்காரி என்றார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. ராசியாவது மண்ணாவது, கழுவித் துடைத்து அளவாகப் பூட்டினால் எந்த எஞ்சினும் ஓடும் என்பாள்.

இப்படிப்பட்டவளின் பெயரைக் கெடுக்க அந்தப் பக்கத்தில் ஒரேயொரு ஆளால்தான் முடியும். அவர் மீன்காரர் யோகலிங்கம். காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, நிலாவெளியிலிருந்து பாலையூற்று வரைக்கும் வாசல் படலை படலையாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறவர். மீன் நிறுக்கும் நேரத்தில் அவர் சொல்லும் கதை மத்தியானத்துக்குள் எல்லாக் குசினியிலும் இருக்கும். நஜ்முன் நிஸாவின் கை தங்கக் கை என்று ஊரெல்லாம் பரப்பியதும் அவர்தான். அதனால் அவர் வாயிலிருந்து வேறு கதை புறப்பட்டபோது அதையும் எல்லாரும் நம்பினார்கள்.

சங்கதி இதுதான். யோகலிங்கத்தின் மோட்டார் சைக்கிளுக்கு வயது போய்விட்டது. நஜ்முன் நிஸா எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன், றிங் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டிக் கொடுத்தாள். இரண்டு கிழமை, பதினாலு நாளும் நல்ல பிள்ளையாக ஓடியது. பிறகு நீலப் புகை கக்கத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ கல்லால் தட்டுவதுபோலச் சத்தம். திரும்பக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தாள். றிங்கில் ஒரு குறையும் இல்லை. கழுவிப் பூட்டிக் கொடுத்தாள். திரும்பவும் புகை.

"அண்ணன், நீங்க என்ன எண்ணெய் ஊத்திறீங்க?" என்று கேட்டாள்.

யோகலிங்கத்துக்கு ரோசம் வந்துவிட்டது. "தொண்ணூத்தஞ்சு! அதைத் தவிர ஒரு சொட்டும் உள்ள போகேல்ல. அம்மனுக்கு வாக்குக் குடுத்தனான், தெரியும்தானே?"

அது ஊருக்கே தெரியும். எரிபொருள் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற வருடம் அவர் பெற்றோலில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டி எஞ்சினை அரைவாசி சாகடித்தவர். பிறகு ஒருநாள் கலப்பதற்கும் எண்ணெய் இல்லாமல், மீன்பெட்டியோடு சாம்பல்தீவுப் பாலத்திலிருந்து நிலாவெளி வரைக்கும் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து, வீட்டுப் படலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியால் வந்ததும் நேர்த்தி வைத்தார்: பெற்றோல் தாராளமாய்க் கிடைக்கிற காலம் வந்தால், தன் வாகனத்துக்கு விலை கூடிய தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோல் மட்டுமே ஊற்றுவார். மற்றவர்கள் மொட்டை போடுகிறார்கள், காவடி எடுக்கிறார்கள். இவர் ஒக்டேன் எடுத்தார்.

"உங்கட எஞ்சின் தொண்ணூத்திரண்டுக்குச் செஞ்சது" என்று நஜ்முன் நிஸா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "தொண்ணூத்தஞ்சு கெடுதி இல்ல. ஆனா ஆட்டுக்குப் புரியாணி வெச்ச மாதிரி. அதுக்கு ருசி தெரியவா போகுது?"

அவர் கேட்பதாயில்லை. தொண்ணூற்றைந்து நகரத்துப் பெற்றோல் செட்டில்தான் கிடைக்கும். அங்கே அவர் போவது கிழமைக்கு ஒருதரம். வீட்டுக்குக் கிட்ட இருக்கும் செட்டில் தொண்ணூற்றிரண்டு மட்டும்தான், அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். போதாததற்கு ஒரு பெருமை வேறு. "தொண்ணூத்தஞ்சின்ட குணத்தைப் பாருங்க தங்கச்சி. ஒருக்கா அடிச்சா ஒரு கிழமை ஓடுது! பழுது எண்ணெயில இல்ல. நீங்க றிங் போட்டதுல எங்கயோ பிசகு."

இதையே படலை படலையாகவும் சொன்னார். கெட்ட மனதோடு சொன்னவர் அல்ல. தனக்கு நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் கராஜுக்கு வரும் வாகனங்கள் குறைந்தன. வேலியோரம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க நஜ்முன் நிஸாவுக்குப் பொறுக்கவில்லை. பிழை விட்டுப் பழி கேட்டால் பரவாயில்லை. விடாத பிழைக்கு யார் பழி சுமப்பது?

அவள் யோசித்தாள். புகைக்கிற எஞ்சின் பெற்றோலை அதிகமாகக் குடிக்கும். இது குறையக் குடிக்கிறது என்கிறார். நகரத்துக்குப் போகிற கிழமைக் கணக்கையும் அவர் ஓடுகிற தூரத்தையும் வைத்துப் பார்த்தால், அந்தச் சின்ன டேங்க் பாதி வழியில் வறண்டிருக்க வேண்டும். அவர் பொய் சொல்கிற மனிதரும் இல்லை. அப்படியென்றால் அவருக்குத் தெரியாமல் யாரோ அதற்குள் ஊற்றுகிறார்கள்.

அந்தக் கிழமையே மோட்டார் சைக்கிள் அடியோடு நின்றுபோனது. யோகலிங்கம் யாருடனோ தொற்றிக்கொண்டு மீனுக்குப் போய்விட்டு, வீட்டில் வந்து பார்க்கும்படி ஆள் அனுப்பியிருந்தார். றம்ஸானின் ஓட்டோவில் சாமான் பெட்டியோடு போய் இறங்கினாள். வீட்டில் அவருடைய மனைவி பாக்கியரத்தினம் மட்டும் இருந்தார். கதிரை போட்டு, தேநீர் வைக்கக் குசினிக்குள் போனார்.

நஜ்முன் நிஸா டேங்கிலிருந்து கொஞ்சம் இறக்கி, கடதாசியில் ஒரு துளி விட்டு வெயிலில் வைத்தாள். நல்ல பெற்றோல் என்றால் தடயமில்லாமல் காய்ந்துவிடும். இது காயவில்லை. இடியப்பம் சுற்றிய கடதாசிபோல எண்ணெய் ஊறி நின்றது. மோந்து பார்த்தாள். மண்ணெண்ணெய், அதோடு படகு எஞ்சினுக்குக் கலக்கும் ஒயில். மீனும் மண்ணெண்ணெயும் மணந்து மணந்து மூக்கு மரத்துப்போன யோகலிங்கத்துக்கு இது எங்கே தெரியப்போகிறது?

தலையை நிமிர்த்தினாள். முருங்கை மரத்தடியில் பாக்கியரத்தினத்தின் தம்பியின் படகுக்கு எண்ணெய் வைக்கும் சிவப்புக் கேன் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு போத்தலும் புனலும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தேநீரோடு வந்த பாக்கியரத்தினம் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுக் கேனை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஆரு ஊத்திற?"

"நான்தான் பிள்ளை. அண்டைக்கு அந்தப் படலைக்குள்ள விழுந்து கிடந்தாரே, அது என்ட கண்ணை விட்டுப் போகுதில்ல. திரும்பவும் எண்ணெய் முடிஞ்சு எங்கயாவது தள்ளிக்கொண்டு நிப்பாரோ எண்டு நித்திரை வராது. விடியமுன்ன எழும்பி மூடியத் திறந்து பாப்பன். குறைஞ்சிருந்தா ஒரு போத்தல் ஊத்துவன். மூண்டு வருசமா ஊத்திறன். அது பெற்றோல்தானே?"

மூன்று வருடமாக அது பெற்றோல்தான். ஆனால் பாக்கியரத்தினத்தின் தம்பி துவாரகன் போன மாதம் படகுக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் மாட்டியிருந்தான். பெற்றோலில் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற எஞ்சின். கரைக்கு வந்ததும் மிஞ்சியதையெல்லாம் ஒரே கேனுக்குள் ஊற்றிவிடுவான். நஜ்முன் நிஸா இதை விளங்கப்படுத்தியதும் பாக்கியரத்தினம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, உங்கட பேரையும் கெடுத்துப்போட்டனே! ஆனா பிள்ளை, அவருக்குச் சொல்லிப்போடாதீங்க. ஏச்சுக்குப் பயமில்ல, எத்தினை ஏச்சு வாங்கியாச்சு. மனுசி தன்னை ஒரு நெஞ்சு வருத்தக்காரனாப் பாக்கிறாள் எண்டு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடிஞ்சு போயிரும். தான் இன்னும் இளந்தாரி எண்டுதான் ஓடித்திரியிறார்."

"இனி ஊத்தாம இருப்பீங்களா?"

பாக்கியரத்தினம் தலையாட்டினார். அது ஓம் என்கிற ஆட்டமாகத் தெரியவில்லை.

டேங்கைக் கழுவி, கார்பரேட்டரைத் துடைத்துப் பூட்டிவிட்டு நஜ்முன் நிஸா திரும்பினாள். பின்னேரம் யோகலிங்கம் கராஜுக்கு வந்து, என்ன பழுது என்று கேட்டார். உண்மை நுனிநாக்கில் நின்றது. அதை விழுங்க அவள் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்.

"என்ட பிழைதான் அண்ணன். கார்பரேட்டர சரியாக் கழுவல்ல."

யோகலிங்கம் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒருவர் மூலம், கராஜ்காரி பிழையை ஒத்துக்கொண்டாள் என்று அடுத்த நாளே கதை பரவியது. பிறகு வேலியோரம் ஒரு வாகனமும் இல்லை. றம்ஸான், "பேசாம உள்ளதச் சொல்லிரு" என்றான். அவளுக்கு அழுகை வந்தது, அழுவதில் ஆத்திரமும் வந்தது. ஒரு குடும்பத்தின் கௌரவத்துக்காகத் தன் வாப்பாவின் கராஜைப் பூட்டவேண்டி வருமோ என்று நினைத்தபோது, உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. போகவில்லை. கேனை மறைத்துக்கொண்டு நின்ற அந்த மனுசியின் முகம் கண்ணுக்குள் நின்றது.

சில நாள் கழித்து, பாலையூற்றிலிருந்து பழைய வாடிக்கைக்காரர் சரீப் தன் வாகனத்தைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"மீன்காரர்ட கதை கேட்டீங்களா? படகுக்கு வெச்ச எண்ணெய அவரே மாறி ஊத்திட்டாராம். வயசு போச்சுது, கண்ணும் புகைச்சல், கராஜ்காரப் பிள்ளையில ஒரு பிழையும் இல்ல எண்டு படலைக்குப் படலை சொல்லிக்கொண்டு போறார்."

நஜ்முன் நிஸாவின் கையிலிருந்த சாவி அப்படியே நின்றது.

அன்று பின்னேரம் யோகலிங்கம் வந்தார். மோட்டார் சைக்கிள் புகையவில்லை, தட்டவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பாரைமீனை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, தொண்ணூத்திரண்டு அடிச்சா எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாதுதானே?"

"அதைத்தானே அண்ணன் நான் தொண்டை கிழியச் சொன்னது! அப்ப அம்மனுக்குக் குடுத்த வாக்கு?"

"அம்மனும் பொம்பிளைதானே. விளங்கும்." இருக்கையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பிழையை ஒத்துக்கொள்ளுற ஆளா நீங்க? அதுவும் என்ட வீட்டுக் குசினித் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்த அண்டைக்கு? எனக்கு அப்பவே யோசினை. விடியமுன்ன நித்திரை மாதிரிக் கிடந்து பாத்தனான். என்ட மனுசி போத்தலோட போறா. குளிர்ல, காலில செருப்பும் இல்லாம."

நஜ்முன் நிஸா மேசையிலிருந்த சாவிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"அவவுக்கு ஒண்டும் சொல்லேல்ல. சொல்லவும் ஏலாது. தொண்ணூத்திரண்டு எண்டா செட் வீட்டுக்குக் கிட்ட. ஒவ்வொரு பின்னேரமும் விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டு போறன். நிரம்பின டேங்குக்குள்ள ஆர் என்னத்தை ஊத்திறது? முதல் நாள் மூடியத் திறந்து பாத்தா. திரும்ப மூடினா. அடுத்த நாளும் வந்து பாத்தா. இண்டைக்கு நான் மீனுக்கு வெளிக்கிடக்க அவ நல்ல நித்திரை. மூண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நான் எழும்பக்க அவ படுத்திருக்கிறா. சத்தம் கேட்டிரும் எண்டு சைக்கிளை வீதி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினனான்."