எனக்கு வராத ‘அன்புள்ள’

என் வீட்டுக்காரருக்கு ஆவடி தொழிற்சாலையில் வண்டிகளுக்கு பெயின்டால் நம்பர் எழுதும் வேலை. பிரஷ் பிடித்த கை, பேனாவைப் பிடித்தாலும் எழுதாது, வரையும். பட்டாளத்தில் இருக்கும் புருஷனுக்குக் கடிதம் எழுத, எழுதப் படிக்கத் தெரியாத எதிர்வீட்டுக்காரி இவரிடம்தான் வருவாள். ‘அன்புள்ள’ என்பதை மட்டும் இவர் அத்தனை நேரம் சுழித்துச் சுழித்து எழுதுவார். எனக்கு வயிறு எரியும். ஒரே வீட்டில் கூடவே இருக்கும் பெண்டாட்டிக்கு யார் கடிதம் போடுவார்கள்?

“லெட்டர் போடு” என்று இவரிடம் சொல்லிவிட்டு, பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து இவரே வந்து நின்றார்.

“லெட்டர் இன்னாத்துக்கு? அதான் நானே வந்துகீறேனே!”

அம்மா உருகிப்போனாள்.

“வந்த பஸ்லயே திரும்பிப் போய்யா. போய் எழுதிப் போடு” என்றேன்.