ஜாக்கிரதைக்காரரின் பயணம்

கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் அவருக்கு ஊர் இட்ட பெயர் ஜாக்கிரதைக்காரர். குழாய் மூட்டில் சோப்பு நுரை தடவி, கசிவைக் காட்டும் குமிழி எழவில்லை என்று கண்ட பின்பே எழுவார். தெருமுனை வரை போனவர், மனம் கேளாமல் திரும்பி வந்து மீண்டும் தடவுவார். "அவர் கை பட்டா நிம்மதியாத் தூங்கலாம்" என்று ஊரார் மெச்சினர். மெய்தான், அவர் கை பட்ட வீடெல்லாம் தூங்கிற்று. அவர் ஒருவர்தாம் தூங்கவில்லை.

வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. காணப் புறப்படும்தோறும் பேருந்து நிலையத்திலிருந்தே திரும்பினார். வீட்டு அடுப்பு அணைந்ததோ, இல்லையோ!

"பேத்தி தவழவே ஆரம்பிச்சுட்டா. நீங்க போறதுக்குள்ள அவளே நடந்து வந்து உங்களைப் பாத்துட்டுப் போயிருவா," என்றாள் மனைவி.

சிரிக்க முயன்றார், முடியவில்லை. மறுவாரம் இருவரும் உளவியலாளர் அம்மையார் முன் அமர்ந்தனர்.

"என்னைப் பைத்தியம்னு சொல்லிருவீங்களாம்மா? ஊரே என்னை நல்லவிதமாத்தான் பேசுது."

"ஊர் பேச்சை வெச்சு நாங்க முடிவு பண்றதில்லைங்க. நாலு பேர் செய்யாததைச் செஞ்சா அது நோயும் இல்ல; நாலு பேர் மெச்சினா அது நலமும் இல்ல. இதால நீங்க வேதனைப்படறீங்களா? செய்ய நினைச்சதைச் செய்ய முடியாமப் போகுதா? யாருக்காவது ஆபத்து வருதா?"

"ஆபத்து இல்லைங்க. மத்தது ரெண்டும்..." என்று தலைகுனிந்தார்.

"மத்தது ரெண்டுக்கும் நான் சாட்சி," என்றாள் மனைவி.

அம்மையார் புன்னகைத்தார். "ஒரு தடவை பாருங்க, நகர்ந்துடுங்க. பயம் வரும். வந்தா திரும்பிப் போகாம நில்லுங்க; அது ஏறின மாதிரியே இறங்கும். அம்மா, இவர் 'அணைச்சோமா'ன்னு கேட்டா, 'அணைச்சாச்சு'ன்னு நீங்க தைரியம் சொல்லக் கூடாது."

வேலைக்குப் போன வீடுகளில் இதைப் பழகினார். சில நாள் வென்றார். சில நாள் தெருமுனையிலிருந்து தோற்றுத் திரும்பினார். முடிவில் ஒரு காலை, வீட்டைப் பூட்டி மகள் ஊருக்குப் பேருந்தேறினர்.

இருக்கையில் அமர்ந்ததும் அச்சம் வெள்ளமெனப் பெருகிற்று. "ஏம்மா, அடுப்பை அணைச்சோம்ல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தெரியலையே."

"அடிப்பாவி!"

வண்டி அசைந்தது. அவர் எழுந்தார், கம்பியைப் பற்றியபடியே நின்றார். கடைத்தெரு கழிந்தது, பாலம் கழிந்தது. நெஞ்சின் அடிப்பு குறையவில்லை, ஆயினும் கூடவுமில்லை. மெல்ல அமர்ந்தார்.

"எங்க போகணும்?" என்றார் நடத்துநர்.

மனைவி வாய் திறக்குமுன் அவர் சொன்னார்: "கடைசி ஸ்டாப்பிங். ரெண்டு டிக்கெட்."