பாவாவின் சட்டைப்பையில் இருந்த உறை

கேஸை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு விமானத்தின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரியும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, சென்னையில் விமானம் கழுவுகிற வேலையில் இருந்தார். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவார்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை ஆர்.கே.பேட்டை ரோட்டில் பைக்கில் வரும்போது என்னைக் கையை நீட்டச் சொன்னார். "போசொல்லவும் முப்பதுதான், வரசொல்லவும் முப்பதுதான். இப்ப எதுர்காத்து, கையை எப்படித் தள்ளுது பாரு. பிளேன் மூக்காண்ட ஒரு குழாய் கீது. அது இந்தத் தள்ளலைத்தான் அளக்கும், ரோட்டை இல்ல. தள்ளல் கம்மியானா இறக்கை தாங்காது." கழுவும்போது தண்ணீர் போகாமலிருக்க அந்தக் குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை ஒன்றை மாட்டுவார்களாம். கழற்ற மறந்தால் பைலட்டுக்கு வேகம் தெரியாது. அன்றிலிருந்து வானத்தில் எது பறந்தாலும் சிவப்பு நாடா தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன்.

ஆடிக் கிருத்திகை அன்று பாவா காலை ஷிப்டை முடித்துவிட்டு, காவடி எடுக்க அவசரமாக ஓடி வந்தார். அவர் கழற்றிப் போட்ட சட்டையை நனைக்க எடுத்தேன். பையில் சிவப்பு நாடாவோடு அந்த உறை.

"பாவா, பிளேன் வுழுந்துடும்" என்று அழுதுகொண்டே ஓடினேன்.

"உறை இங்க கீதுன்னா அங்க குழாய் தொறந்துதான கீது, பைத்தியம்" என்று சிரித்தார். சிரித்த முகம் அப்படியே மாறிப்போனது. அங்கே உறைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். எதிலோ கழற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று காலையில் கழுவிய விமானங்களையெல்லாம் நிறுத்திவிடுவார்கள்.

அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "காவடி எறங்கட்டும் மாப்ளே. யாருக்குத் தெரியப்போவுது? நாளைக்குக் கம்முனு எடுத்தும்போய் வெச்சிடுங்க."

"ஜனங்க ஏறி உக்காந்துகினு இருப்பாங்க அத்தே."

மஞ்சள் வேட்டியோடு நின்று போன் செய்தார். "என் பாக்கெட்லதான் கீது சார்" என்றார். அதற்குப் பிறகு நெடுநேரம் "சரிங்க சார்" மட்டும்தான். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் காவடியைத் தூக்கினார். மலைப்படியில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "பிளேன் கெளம்பிடுச்சா பாவா?" என்று கேட்டேன்.

"ஆங், கெளம்பிடுச்சு."

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பாவா ரயிலுக்குப் போகவில்லை. திருவிழாவுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் எத்தினி நாள் லீவு பாவா?" என்று ஆசையாகக் கேட்டேன். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். என் தட்டில் சாம்பார் போதவில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.