மூன்று மணிக்கே போட்ட எட்டு மணி டிக்

செவ்வாய்க்கிழமை காலை கடத்தூர் பஸ்சில் நின்றுகொண்டு வரும்போது, பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘நம் லூர்துமேரி மேடம் அமைதியாக இறைவனில் இளைப்பாறினார்.’ அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அமைதியாக என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேரிக்கா அமைதியாகச் சாகவில்லை. அடிமுதுகில் உள்ளங்கை அகலப் படுக்கைப்புண் வந்து, சீழ் ரத்தத்தில் கலந்து செத்தார். அவரிடம் படித்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அழுங்கள்.

நர்சிங் கல்லூரியில் பதினாறு வருடம் அவரும் நானும் ஆசிரியைகளாக ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். மாரண்டஹள்ளிக்காரர். தக்காளி போடும் குடும்பம். செல்லைப் பற்றி முதல் வருடத்துப் பெண்களுக்கு அவர்தான் நடத்துவார். ரத்தம் போகாவிட்டால் செல் ஏன் வீங்குகிறது என்பதற்கு அவர் படம் போட மாட்டார். “கெணறு தூர் வார்றப்ப மோட்டார் நின்னா என்ன ஆகும்? தண்ணி உள்ள ஏறும். செல்லுலயும் ஒரு மோட்டார் ஓடுது. அது நின்னா வீங்கும். ஆனா ஒடனே சாகாது. நீ வருவேன்னு கொஞ்ச நேரம் காத்திருக்கும். அதுக்குள்ள போயிடு. சவ்வு கிழிஞ்சபுறம் போய் ஒண்ணும் புண்ணியமில்ல.”

ஒருமுறை வகுப்பு முழுவதையும் பெஞ்சில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தார். கால் மணிக்குள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அழுத்தினால் ரத்தம் நிற்கிறது, வலிக்கிறது, அதனால் நகர்கிறீர்கள், நகர முடியாதவர்களை யார் நகர்த்துவது என்று கேட்டார். சங்கீதா என்ற பெண் மட்டும் எழுந்து, நாங்கதாங்க மேடம் என்றாள். அன்று முழுக்க மேரிக்காவுக்கு அவள் பெருமைதான்.

போன மாதம் மேரிக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. தம்பி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்த வார்டில் சங்கீதாதான் ஸ்டாஃப் நர்ஸ் என்று கேள்விப்பட்டதும் எனக்கு நிம்மதி. முதல் தடவை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய், தலைமாட்டில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிவிட்டு வந்தேன். நானும் ஒரு நர்ஸ். போர்வையைத் தூக்கி முதுகைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்துப் போனபோது கட்டிலை நெருங்கும்போதே வாடை வந்தது. தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் கறுத்து, ஓரம் நைந்துபோயிருந்தது. கால்மாட்டில் பொசிஷன் சார்ட் தொங்கியது. இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைத் திருப்பிப் போட்டதும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. ஒரு கட்டம் விடாமல் டிக். அப்போது மணி மூன்று. நாலு, ஆறு, எட்டு மணிக் கட்டங்களிலும் டிக் இருந்தது, பக்கத்தில் சங்கீதாவின் கையெழுத்து.

சங்கீதாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். முப்பது பேருக்கு ரெண்டு பேர்தாங்க மேடம் இருக்கோம், டூட்டிக்கு வந்ததும் எல்லாரும் மொத்தமாப் போட்டுடுவாங்க என்றாள். ஆட்களைப் போடாமல் பளபளவென்று தரை மட்டும் பதித்து வைத்திருக்கும் அந்த முதலாளியை நினைத்து வயிறு எரிந்தது. அவளையும் கண்டபடி திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே, “நீங்கதானங்க மேடம் காலேஜ்ல அப்படிப் போடச் சொன்னீங்க” என்றாள்.

உண்மைதான். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் முன்னால் பெண்களை ஹாலில் உட்கார வைத்து, பார்க்காத நோயாளிக்கும் அளக்காத காய்ச்சலுக்கும் பயிற்சி நோட்டை நிரப்ப வைத்தவள் நான். மேரிக்கா ஒருமுறை அந்த நோட்டுகளை அள்ளி என் மேசையில் போட்டு, இதுங்க நாளைக்கு வார்டிலும் இப்படியே செய்யும், அப்ப யார் சாவாங்கன்னு உனக்குத் தெரியுமா என்று கத்தினார். முதல்வர் அறைவரைக்கும் போனார். அந்த வருடமே அவரிடமிருந்து முதல் வருட வகுப்பைப் பிடுங்கி நூலகத்தில் போட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அன்று கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த மேரிக்கா என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு... கையெழுத்து?” என்று இழுத்து இழுத்துக் கேட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். “நம்ம புள்ள” என்றார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கல்லூரியில் படம் வைத்து மாலை போட்டு, தியாகம், சேவை என்றெல்லாம் வாய் கூசாமல் பேசினார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபம் ஒன்றைத்தான். அவர் உயிரோடு இருக்கும்போதே எனக்கு அது வந்திருக்க வேண்டும். நேற்று இன்ஸ்பெக்‌ஷனுக்கான நோட்டுகள் என் மேசைக்கு வந்தன. செய்யாததை எழுதாதீர்கள், கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும் என்று பெண்களிடம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னங்க, நீங்களும் மேரி மேடம் மாதிரி ஆரம்பிச்சிட்டீங்களா?”

ஆமாங்க என்றேன்.